முறையீட்டை யாரிடம் வைப்பது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் குடியிருக்கும் தெருவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என் கண்முன் அடிபட்டான். அடித்தவர் அவனுடைய தந்தை. அடி விழக் காரணமாக இருந்தவன் நான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீன்யா இரண்டாம் கட்டத்தை ஒட்டிய ஒரு சந்தில் மூன்றாண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. என் பழைய ஸ்கூட்டர் தெருவோரத்தில்தான் நிற்கும். பிள்ளைகளின் கிரிக்கெட்டில் அதுவே பல நாள் விக்கெட்டாகவும் இருந்திருக்கிறது. முதலில் இருக்கையின் உறை கிழிந்தது. பிறகு ஒரு பக்கக் கண்ணாடி போயிற்று. இரண்டையும் பொறுத்துக்கொண்டேன், பொறுத்துக்கொண்டேன் என்பதைவிட, யாரிடம் சொல்வதெனத் தெரியாமல் உள்ளுக்குள் சேர்த்துவைத்தேன் என்பதே சரி. மூன்றாம் முறை முகப்பு விளக்கு நொறுங்கியது. மெக்கானிக் சொன்ன தொகை 1,850 ரூபாய். ஆய்வு உதவித்தொகை மூன்று மாதங்களாக வந்துசேராத நேரம் அது.

மட்டை பிடித்திருந்தவன் எதிர்வீட்டுச் சிறுவன். எனக்குத் தெரியாதவன் அல்லன். ஆய்வேட்டின் திருத்தப் படிகளில் எழுதப்படாத பின்பக்கங்களைக் கேட்டு வாங்கிப்போய், அவற்றில் லாரிகளாக வரைந்து தள்ளுபவன். அன்று அது எதுவும் நினைவில் இல்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். இரவு முழுவதும் சரக்கு ஆட்டோ ஓட்டிவிட்டு உறங்கிக்கொண்டிருந்த அவன் தந்தையை எழுப்பி, “உங்க பையன் பண்ணியிருக்கற வேலையை வந்து பாருங்கண்ணா” என்றேன். அவர் வந்து பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. உள்ளே போய் பெல்ட்டை எடுத்துவந்தார்.

நான் தடுப்பதற்குள் நான்கைந்து அடி விழுந்துவிட்டது. மறுநாள் காலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சிறுவனின் தாய் தெருமுனையில் என்னை நிறுத்தினார். “பணம்னு கேட்டிருந்தா எப்படியாவது குடுத்திருப்போம் தம்பி. அவருகிட்ட போய் ஏன் சொன்னீங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இந்தப் பதிவு.

அண்டைவீட்டுப் பிள்ளைகள் நம் பொருளைச் சேதப்படுத்தினால் என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ‘பிள்ளைகள்தானே, விடுங்கள்’ என்பது ஒன்று. ‘வளர்ப்பு சரியில்லை, பெற்றவர்களைக் கேளுங்கள்’ என்பது மற்றொன்று. இரு கட்சியினரும் பார்க்கத் தவறும் ஒன்று உண்டு. முறையீட்டைச் சொன்ன மறுகணமே அது நம் கையை விட்டுப் போய்விடுகிறது. பெற்றவரின் களைப்பு, அவமானம், பணமுடை ஆகியவற்றின் வழியாகவே அது பிள்ளையைச் சென்றடைகிறது. ஆகவே, முறையிடலாமா கூடாதா என்பதோடு, யாரிடம், எதைக் கேட்டு முறையிடுகிறோம் என்பதும் அறம் சார்ந்த கேள்வியே.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றில் பருவம். சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வரும் ஆண்பிள்ளையிடம், சிதைக்க வேண்டா எனச் சிறுமியரே நேரில் வேண்டுவதாக அப்பருவம் அமையும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும் இவ்வேண்டுகோளே. கலித்தொகையின் 51ஆம் பாடலில் தலைவி நினைவுகூரும் சிறுவனும் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன். பொருளை இழப்பவர் சேதம் செய்பவனிடமே பேசும் மரபு இது.

இன்னொரு மரபு பெரியாழ்வார் திருமொழியில் இருக்கிறது. அதன் இரண்டாம் பத்தில், வெண்ணெயைத் தின்றுவிட்டு வெறுங்கலத்தை உடைத்து ஓசை கேட்டு மகிழும் பிள்ளையைப் பற்றி ஆய்ப்பாடிப் பெண்கள் யசோதையிடம் முறையிடுகிறார்கள். சேதப் பட்டியல் நீளமானது. ஆனால் அவர்கள் தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, உன் மகனைக் கூப்பிட்டுக்கொள் என்பதையே. தண்டிக்கச் சொல்லி வற்புறுத்துவது அங்கே முதன்மையாக இல்லை.

மூன்றாவது மரபு மனுநீதிச் சோழனுடையது. பசு மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். திருவாரூரில் கல்தேராக நிற்கும் இக்கதையை நீதியின் உச்சம் என்றே பள்ளியில் படித்தோம். முறையீடு வலியவரின் கைக்குப் போனால் அதற்கான விலையைப் பிள்ளையின் உடல் கொடுக்கும் என்பதும் அக்கதைக்குள் இருக்கிறது. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் உயிர்ப்பித்துத் தருகிறார். எங்கள் சந்தில் அப்படி யாரும் வருவதில்லை. பெல்ட்டின் தடம் ஒரு வாரம் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? என் ஆய்வுத்துறை தொழிலாளர் குடியிருப்புகளின் வரலாறு, சட்டம் அன்று. ஆயினும் இவ்வளவு எவரும் படித்தறியக்கூடியதே. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர், தம் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெறாதவராயின் அதுவும் குற்றமாகாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 82, 83ஆம் பிரிவுகளாக இருந்த இவை, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 20, 21ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. பிறர் பொருளுக்கு வேண்டுமென்றோ தெரிந்தோ சேதம் விளைவிப்பதற்கு ஆங்கிலச் சட்டமொழியில் ‘மிஸ்சீஃப்’ என்று பெயர். பிள்ளைகளின் குறும்புக்கும் அம்மொழியில் அதே சொல்தான். ஆயினும் சட்டம் கேட்பது எண்ணத்தையோ அறிவையோ. பந்து தவறிப் பட்டதை அது குற்றமாகக் கொள்வதில்லை.

காவல் நிலையத்துக்குப் போவதாக மிரட்டுவோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் சிறார் நீதி மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம், பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் ஆகியவை தவிர்த்த பிறவற்றில் சிறார்மீது முதல் தகவல் அறிக்கை பதியப்படுவதில்லை. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் குறித்துக்கொள்வதோடு சரி. சிறார் நீதிக் குழுமம்வரை சென்றாலும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முதலில் வைப்பது அறிவுரையையும் ஆற்றுப்படுத்தலையும்தான். சமூகப் பணி, பெற்றோர்மீது அபராதம் ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு, பிரம்படி இல்லை. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடைசெய்தது. வீட்டில் அடிப்பதை அவ்வாறு வெளிப்படையாகத் தடைசெய்யும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆக, அரசின் எந்த அமைப்பும் அந்தச் சிறுவனுக்கு விதித்திருக்க முடியாத தண்டனையை, ஒரே வாக்கியத்தில் நான் வாங்கிக்கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் இழப்பீடு? பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் தம் பிள்ளை செய்த சேதத்துக்குப் பொறுப்பாவதில்லை என்பதே ஆங்கிலப் பொதுச்சட்டத்திலிருந்து நாம் பெற்ற தீங்கியல் சட்டத்தின் நிலை. அவருடைய சொந்தக் கவனக்குறைவும் இருக்க வேண்டும். ‘பீபி எதிர் சேல்ஸ்’ என்ற 1916ஆம் ஆண்டு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினைந்து வயது மகனுக்குக் காற்றுத் துப்பாக்கி வாங்கிக்கொடுத்த தந்தையிடம், அதனால் சன்னல் கண்ணாடி உடைந்ததென அண்டைவீட்டார் முறையிட்டனர். அதன் பிறகும் அவர் துப்பாக்கியை மகனிடமே விட்டுவைத்தார். பின்னர் அதே துப்பாக்கியால் மற்றொரு குழந்தையின் கண் காயமுற்றபோது, தந்தை பொறுப்பாளியானார். அங்கே முறையீடு செய்த வேலை, தந்தைக்குத் தெரியப்படுத்தியது. தெரிந்தபின் துப்பாக்கியை அப்புறப்படுத்துவதே அவர் கடமை. மகனை அடித்திருந்தாலும் அக்கடமை தீர்ந்திருக்காது.

பிரான்சில் நிலை வேறு. உடன் வாழும் பிள்ளையின் செயலுக்குப் பெற்றோரே பொறுப்பு. தாம் கவனமாக வளர்த்ததாக நிறுவித் தப்ப இயலாது என 1997இல் அந்நாட்டின் உச்ச வழக்காடுமன்றம் வகுத்தது. அங்கு வீட்டுக் காப்பீட்டிலேயே இத்தகைய இழப்பீடும் அடங்குவது வழக்கம் என்பதால், கடுமையான விதியின் சுமை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் இறங்குவதில்லை. காப்பீடு இல்லாத எங்கள் தெருவுக்கு அவ்விதியை மட்டும் இறக்குமதி செய்தால், அது பெல்ட்டின் வழியாகத்தான் வசூலாகும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஜப்பானிய வழக்கு. 2004இல் இமாபாரி என்ற ஊரில், பள்ளி விட்டபின் பள்ளி மைதானத்திலேயே கோல் கம்பத்தை நோக்கிப் பந்து உதைத்துக்கொண்டிருந்தான் பதினொரு வயதுச் சிறுவன். பந்து வாயிற்கதவைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. அதைத் தவிர்க்க முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த 85 வயது முதியவர் பின்னர் இறந்துபோனார். கீழமை நீதிமன்றங்கள் பெற்றோரை ஒரு கோடி யென்னுக்கும் மேல் தரச் சொல்லின. 2015 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மைதானத்தில் பந்து உதைப்பது இயல்பான செயல். வழக்கமாக எவருக்கும் ஆபத்து விளைவிக்காத அத்தகைய செயலின் எதிர்பாராத விளைவுக்குப் பெற்றோரின் கண்காணிப்பைக் குறை கூற இயலாது என்றது. அத்தீர்ப்பின் அடியில் இருப்பது ஓர் எளிய உண்மை: அந்தச் சிறுவனுக்கு உதைக்க ஒரு மைதானம் இருந்தது.

பீன்யாவுக்கு வருவோம். 1970களின் இறுதியில் உருவான இத்தொழிற்பேட்டை, லேத் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுமாக விரிந்து, இந்தியாவின் பல மாநிலத்தவருக்கும் வேலை தருகிறது. தொழிற்சாலைக்கு மனை ஒதுக்கியவர்கள் தொழிலாளியின் பிள்ளைக்கு மனை ஒதுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 48ஆம் பிரிவில், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்றது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அந்த ஆறு வயது எல்லை மாறவில்லை. ஏழாவது வயதில் பிள்ளை சட்டத்தின் பார்வையிலிருந்து நழுவித் தெருவுக்கு வந்துவிடுகிறது. பள்ளி நான்கு மணிக்கு விடுகிறது; எதிர்வீட்டுத் தாய் ஆறரைக்குத் திரும்புகிறார். இடையிலுள்ள இரண்டரை மணி நேரம்தான் என் ஸ்கூட்டரின் ஆபத்துக் காலம்.

பூங்காவுக்குப் போகலாமே என்பார்கள். பந்து விளையாடக் கூடாது என்ற பலகை பெங்களூரின் பூங்காக்களில் வழக்கமான காட்சி. பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் காக்க 1985ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் ஒன்று இருக்கிறது. ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் வழக்காடினர். 1991இல் முத்தப்பா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் பறிபோவதற்கே வரைபடத்தில் ஓர் இடம் இருந்தால்தான் வழக்காட முடியும். எங்கள் சந்தின் பிள்ளைகளுக்கு இழப்பதற்கு அப்படியோர் இடமே இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். நகரத் திட்டமிடலின் தோல்விக்கு என் முகப்பு விளக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ‘பிள்ளைகள்தானே’ என்று எளிதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் பூட்டிய வளாகத்துக்குள் வண்டி நிறுத்துபவர்கள். தள்ளுவண்டியில் காய் விற்பவருக்கும், சன்னல் கண்ணாடியை மாற்றக் காசில்லாமல் தனித்து வாழும் முதியவருக்கும் மன்னிப்பு என்பது செலவுள்ள அறம். தவறிப் பட்ட பந்தும், ஒரு வீட்டைக் குறிவைத்து நாள்தோறும் எறியப்படும் கல்லும் ஒன்றல்ல என்பதும் உண்மை. சேதத்தை விழுங்கிக்கொள்பவர் பொறுமைசாலி ஆகிவிடுவதில்லை. நானே அதற்குச் சாட்சி: முதல் இரண்டு சேதங்களையும் பேசாமல் விழுங்கியதால்தான் மூன்றாவது, மூன்று மடங்குக் கோபமாக வெளிவந்தது.

ஆகவே நான் வந்துசேர்ந்த நிலைப்பாடு இது. முதல் முறையீடு பிள்ளையிடமே, முதல் சேதத்தின்போதே இருக்க வேண்டும். சிற்றில் பருவச் சிறுமியர் செய்தது போல. உடைந்ததை அவனுக்குக் காட்டி, அது எதற்குப் பயன்பட்டது, இனி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். பெற்றவரிடம் போக நேர்ந்தால், தொகையையும் நடத்தையையும் கலக்கக் கூடாது. ‘விளக்கு மாற்ற இவ்வளவு ஆகிறது, எவ்வளவு முடியும், எப்போது முடியும்’ என்பது பேசித் தீர்க்கக்கூடிய செய்தி. ‘உங்க பையன் பண்ணியிருக்கற வேலையைப் பாருங்க’ என்பது தீர்ப்பு; அதைக் கேட்டவருக்குத் தண்டனை நிறைவேற்றுவதைத் தவிர வேறு வேலை மிச்சமில்லை. அவ்வீட்டில் யாரிடம் சொன்னால் பிள்ளைக்கு அடி விழாது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரே தெருவில் வாழ்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. எனக்கும் தெரிந்தே இருந்தது.

சரிசெய்யும் இடத்தில் பிள்ளையும் இருக்க வேண்டும். ஆனால் பணத்துக்கு ஈடாக அவனிடம் வேலை வாங்குவது கூடவே கூடாது. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தைத் தடுக்க 1933இலேயே இந்நாட்டில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதைத் தொழிலாளர் வரலாறு படிப்பவன் மறக்கக் கூடாது. உடைந்த பொருள் மீண்டும் இயங்குவதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. வேண்டுமென்றே செய்யும் சேதம் தொடர்ந்தால், இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரை, வீட்டு உரிமையாளரையோ பள்ளி ஆசிரியரையோ, நடுவில் வைத்துப் பேசலாம். அதன் பிறகுதான் நாள் குறித்து எழுதும் புகார். நம் முறையீட்டால் ஒரு பிள்ளை வதைபடுகிறது என்று தெரிந்தால், 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைக்கும் பொறுப்பும் நம்முடையதே.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயிடம் போய், “தப்பு என்னுதுதான் அக்கா” என்றேன். பணத்தைப் பற்றிப் பேசினோம். மாதம் 300 ரூபாயாக மூன்று மாதம் தருவதாகச் சொன்னார், மீதி என்னுடையது. வேண்டாமென்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் என் பெருந்தன்மைக்குக் கடன்பட்டிருக்கும். வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டேன். அவர் அனுமதியோடு சிறுவனை மெக்கானிக் கடைக்கு அழைத்துப்போனேன். திருகாணிகளை அவன் உள்ளங்கையில் வைத்திருந்தான். விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பொறுப்பை மெக்கானிக் அவனிடம் கொடுத்தார். இரண்டு முறை போட்டு அணைத்தான். இப்போது விக்கெட்டுக்கு இரண்டு பெயின்ட் டப்பாக்கள். என் வண்டி தெருமுனையில் நிற்கிறது.

தந்தையோடு பேச்சு வளரவில்லை. எதிரில் வந்தால் தலையசைக்கிறார். சிறுவனும் சிரிக்கிறான், ஆனால் தாள் கேட்டு மாடிக்கு வருவதில்லை. நான்காம் இயலின் திருத்தப் படிகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் இன்னும் கேட்கவில்லை.